புதுப்பிப்பு: கிளிநொச்சிக் கடை முகப்புக்கு லைட் பூட்டியாச்சு

ஏ9 வீதியோரம் உள்ள எங்கள் மாடிக்கடை முகப்புக்கு 12 வோல்ட் எல்இடி பட்டி போதுமா என்று மாரிக்கு முன்னர் இங்கே உங்களிடம் கேட்டிருந்தேன். போதவில்லை. ஒரு முனையில்தான் கரண்ட் கொடுத்திருந்தோம், மறுமுனை மங்கிப் போனது. 10 மீட்டருக்கு, மீட்டருக்கு 14.4 வாட் என்றால் மொத்தம் 144 வாட். 12 வோல்ட்டில் 12 ஆம்பியர் ஓடும், 24 வோல்ட்டில் 6 தான். வயரில் விழும் இழப்பும் அதற்கேற்பக் குறையும். நீங்கள் சொன்னபடி 24 வோல்ட்டுக்கு மாறி, நடுவிலிருந்து இரு பக்கமும் கரண்ட் கொடுத்தோம். வீட்டுக் கரண்டை 24 வோல்ட்டாக மாற்றிக் கொடுக்கும் டிரைவர் 200 வாட்.

மழை இன்னொரு பாடம். பட்டி ஐபி67 (தூசி, தண்ணீர் புகாத தரம்) தான், ஆனால் வெட்டி ஒட்டிய மூட்டுக்குள் தண்ணீர் புகுந்துவிட்டது. வயரிங் தம்பி இப்போது எல்லா மூட்டையும் சிலிக்கன் வைத்து அடைத்து, அலுமினியச் சட்டத்துக்குள் இறக்கிவிட்டார்.

சுவரை ஒட்டிப் பூட்டியதில் மேசன் பூசிய மேடு பள்ளமெல்லாம் பல்லிளித்தது! அரையடி தள்ளியதும் சரி. நிறம் 3000 கெல்வின், அதாவது இளமஞ்சள் வெளிச்சம். முந்தைய வெள்ளை லைட்டுக்கு வந்த பூச்சிக் கூட்டமும் குறைவு.