புதுப்பிப்பு: பென்னாகரம் வீட்டுக் கொல்லையில் காட்டுப்பூக்கள்

போன வருஷம் ஆடியில் கேட்டிருந்தேன்: பென்னாகரத்தில் வீட்டுக்குப் பின்னால் சும்மா கிடக்கும் 2 சென்ட் செம்மண்ணில் நம்மூர்க் காட்டுப்பூக்களை வளர்க்க முடியுமா என்று. முடிகிறது!

ஆவாரை விதைக்குத் தோல் கெட்டி. மணலோடு தேய்த்து ஒரு ராத்திரி ஊறவைத்தவைதான் ஒழுங்காக முளைத்தன. தும்பை விதையை மணலில் கலந்து தூவினேன். ஐப்பசி மழைக்கு அப்புறம் தானாகப் பரவிக்கொண்டது. உரம் போடவில்லை, போட்டால் புல்தான் முந்திக்கொள்ளும்.

பெரிய வேலை பார்த்தீனியம் களைதான். பூப்பதற்கு முன்பே, மண் ஈரமாக இருக்கும்போது, கையுறை போட்டு வேரோடு பிடுங்க வேண்டும். இரண்டு வாரம் ஊருக்குப் போய் வந்தேன், ஒரு மூலை முழுக்க வெள்ளையாகப் பூத்துவிட்டது.

எருக்கைப் பிடுங்கச் சொல்லிக்கொண்டே இருந்த அம்மாவை நேற்று கூப்பிட்டு ஓர் இலையைத் திருப்பிக் காட்டினேன். கறுப்பு, வெள்ளை, மஞ்சள் பட்டைகளோடு வெந்தய வரியன் பட்டாம்பூச்சியின் புழு, ஓரத்திலிருந்து அரைவட்டமாகக் கடித்துக்கொண்டிருந்தது. அம்மா கால்மணி நேரம் நகரவில்லை. "சரி, அது இருக்கட்டும் விடு" என்றார்.

இந்தப் பொங்கலுக்குக் காப்புக் கட்ட ஆவாரம்பூ நம் வீட்டுச் செடியிலேயே பறிக்கப்போகிறோம். தும்பை காய்ந்து விதை கொட்டிய பிறகுதான் அறுப்பேன்.