செம்பி ஏன் இளைக்கிறாள்?

குழு: தாத்தா வீட்டுப் பிள்ளைகள்

தம்பி: [படம்] செம்பியை இன்று காலை குளிப்பாட்டிய பின் எடுத்த படம் இது. உடம்பு நனைந்ததும் விலா எலும்புகள் வரிவரியாகத் தெரிந்தன. முதுகுத் தண்டும் மேலெழுந்து நிற்கிறது. எல்லோரும் பார்க்க வேண்டும் என்றுதான் இங்கே போடுகிறேன்.

பெரியப்பா: பார்த்ததும் மனம் கலங்கிவிட்டது. அப்பா இருந்தவரை இந்தக் குதிரையின் விலாவை யாரும் கண்ணால் கண்டதில்லை. தீவனம் ஒழுங்காகப் போகிறதா, இல்லையா?

சித்தப்பா: ஒரு பிடிகூடக் குறைக்கவில்லை, அண்ணா. அப்பா வைத்திருந்த அதே தகர டப்பாவில்தான் காலையும் மாலையும் தானியம் அளக்கிறேன்.

பெரியப்பா: அப்படியானால் நாளை முதல் டப்பாவை இரட்டிப்பாக்கு.

அத்தை: தவிட்டுக் கஞ்சி வையுங்கள். வெந்நீரில் ஊறவைத்த தவிடுதான் அப்பாவின் மருந்து.

சித்தி: நானும் அதைத்தான் நினைத்தேன்.

நான்: பெரியப்பா, தானியத்தை ஏற்றுவதற்கு முன் என் சொல்லைச் சற்றுக் கேளுங்கள். மெலிகிற குதிரையின் தொட்டியில் தானியத்தைக் கொட்டுவதுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும். ஆனால் செம்பியின் வயதில் அது பயன் தராததோடு கெடுதலாகவும் முடியலாம். குதிரையின் இரைப்பை அதன் உடம்புக்கு மிகச் சிறியது, 8 முதல் 15 லிட்டர்தான் கொள்ளும். ஒரே வேளையில் நிறையத் தானியம் போட்டால் சிறுகுடலில் செரிக்காமல் தப்பிய மாவுச்சத்து பெருங்குடலுக்குப் போய், அங்கே வேகமாகப் புளித்து, நாரைச் செரிக்கும் நுண்ணுயிர்களை அழித்து, வயிற்றுச் சூலையிலோ குளம்பு அழற்சியிலோ கொண்டுபோய் விட்டுவிடும். குதிரைக்கு வாந்தி எடுக்க வராது என்பதால் உள்ளே போன கெடுதலை அவளால் வெளியே தள்ளவும் முடியாது.

அண்ணன்: படித்து முடிக்கவே ஒரு வேளை ஆகிறது. முடிவை மட்டும் சொல்.

நான்: அண்ணா, முடிவை இப்போதே சொல்ல முடியாமல் இருப்பதுதான் நான் சொல்ல வருவது. எதைப் போடுவது என்பதை அடுத்துப் பார்ப்போம். போடுவது ஏன் உடம்பில் ஒட்டவில்லை என்று முதலில் கண்டுபிடிக்க வேண்டும். பல்லில் கோளாறு இருக்கலாம், குடலில் புழு இருக்கலாம், அல்லது வைத்த தீவனம் அவள் வாய்க்கே போகாமல் இருக்கலாம். 21 வயதுக் குதிரை என்பதால் சுரப்பிக் கோளாறையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். தம்பி, நீ லாயத்தில்தானே இருக்கிறாய்? அவள் காய்ந்த புல்லைத் தின்னும்போது சற்று நேரம் பக்கத்தில் நின்று பார். மென்ற புல் உருண்டை உருண்டையாகக் கீழே விழுகிறதா?

தம்பி: இப்போதுதான் பார்த்தேன். தொட்டிக்குக் கீழே ஈரமான புல் உருண்டைகள் கிடக்கின்றன. தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து மெல்லுகிறாள். லத்தியிலும் நீளமான புல் துண்டுகள் அப்படியே இருக்கின்றன. முழுத் தானியமும் கொஞ்சம் தெரிகிறது.

நான்: அப்படியானால் பல்தான் முதல் சந்தேகம். குதிரையின் கடைவாய்ப் பற்கள் ஆண்டுக்கு 2 முதல் 3 மில்லிமீட்டர் வரை ஈறிலிருந்து வெளியே வந்துகொண்டே இருக்கும். மெல்லும்போதெல்லாம் தேயும். மேல்தாடை கீழ்த்தாடையைவிட அகலமானது என்பதால் மேல்பற்களின் கன்னப் பக்கத்து விளிம்பும் கீழ்ப்பற்களின் நாக்குப் பக்கத்து விளிம்பும் தேயாமல் கூராகி, கன்னத்தையும் நாக்கையும் அறுத்துவிடும். வயதானால் பல் ஆடும், விழும், இடுக்கில் புல் சிக்கி அழுகும். கொள் என்றால் வாயைத் திறக்கும் என்று நாம் பழமொழி சொல்கிறோம். வாயைத் திறந்தாலும் அவளால் மெல்ல முடியவில்லையே.

அத்தை: பாவம். அதற்குத்தான் மெல்ல வேண்டாத கஞ்சியைச் சொன்னேன்.

நான்: மெல்ல எளிதாக இருக்க வேண்டும் என்று நீங்கள் நினைத்தது மிகச் சரி, அத்தை. தவிடுதான் தவறான பொருள். அதில் பாஸ்பரஸ் மிகுதி, கால்சியம் மிகக் குறைவு. நாள்தோறும் அதையே போட்டால் உடம்பு அந்தக் குறையை எலும்பிலிருக்கும் கால்சியத்தை எடுத்து ஈடுகட்டும். நாளடைவில் முகத்தெலும்பு வீங்கும், கால் நொண்டும். என்றைக்கோ ஒரு நாள் வைத்தால், பழகாத தீவனம் திடீரென்று போனதே வயிற்றுக்குத் தொல்லையாகும்.

அத்தை: அப்பா 30 வருடம் குதிரை வளர்த்தவர்.

பெரியப்பா: அதில் நமக்குச் சந்தேகமே இல்லை. தாத்தாவைக் குறை சொல்வது போல் யாரும் எழுத வேண்டாம்.

நான்: தாத்தாவைக் குறை சொல்லவில்லை, பெரியப்பா. அவர் காலத்தில் செம்பிக்குப் பல் நன்றாக இருந்தது, மேயப் புல்வெளி இருந்தது, பக்கத்தில் வேறு குதிரை இல்லை. இந்த மூன்றும் இப்போது மாறியிருக்கின்றன.

சித்தி: மூன்றாவது முத்துவைத்தானே சொல்கிறாய்?

பெரியப்பா: நான் அப்போதே சொன்னேன். வயதான குதிரை இருக்கிற லாயத்தில் இளங்குதிரையைக் கொண்டுவந்து கட்டாதே என்று சொன்னேன். என் சொல்லை யார் கேட்டார்கள்?

சித்தப்பா: அண்ணா, செம்பி தனியாக நின்று ஏங்கக் கூடாது என்றுதான் முத்துவை வாங்கினேன். குதிரை கூட்டமாக வாழ்கிற பிராணி.

அண்ணன்: ஆரம்பித்துவிட்டது.

நான்: இருவர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. குதிரைக்குத் துணை வேண்டும், சித்தப்பா சொல்வது சரி. ஆனால் இரண்டு குதிரைகள் சேர்ந்தாலே யார் முதலில் தின்பது என்ற வரிசை வந்துவிடும், அந்த வரிசையில் தளர்ந்த கிழக்குதிரை கடைசிக்குத் தள்ளப்படலாம். தம்பி, புல் வைக்கும்போது முத்து அவளைத் துரத்துகிறானா?

தம்பி: கடிப்பதில்லை. காதைப் பின்னால் மடக்கிக்கொண்டு ஓரடி எடுத்து வைக்கிறான், உடனே செம்பி விலகிவிடுகிறாள். அவன் தின்று முடித்த பிறகுதான் வருகிறாள்.

சித்தி: இது எனக்குத் தெரியாமல் போயிற்றே.

நான்: இன்று மாலை முதலே தீவன வேளையில் இருவரையும் பிரித்துக் கட்ட வேண்டும். மற்ற நேரத்தில் சேர்ந்தே இருக்கட்டும். வெளியில் புல் வைப்பதாக இருந்தால் இரண்டு குதிரைக்கு மூன்று இடத்தில், நல்ல இடைவெளி விட்டு வையுங்கள். சித்தப்பா, இதற்காக முத்துவை விற்கவும் வேண்டாம், வேறு இடத்துக்கு அனுப்பவும் வேண்டாம்.

பெரியப்பா: அதைப் பிறகு பேசுவோம்.

நான்: தம்பி, இன்னொரு வேலை. கண்ணால் மட்டும் பார்த்து உடல்நிலையைச் சொல்ல முடியாது. அடர்ந்த மயிர் இருந்தால் எலும்பு மறைந்துவிடும், வயிறு மட்டும் பருத்திருந்தால் குதிரை கொழுத்தது போலத் தோன்றும். 1983இல் ஹென்னெக்கி என்பவரும் அவருடன் இருந்தவர்களும் வகுத்த 1 முதல் 9 வரையிலான அளவுகோல் ஒன்று இருக்கிறது. கழுத்து, தோளுக்குப் பின்புறம், விலா, முதுகு, வாலடி ஆகியவற்றைக் கையால் தடவிப் பார்த்து மதிப்பெண் இட வேண்டும். 5 என்றால் விலா கண்ணுக்குத் தெரியாது, கைக்கு எளிதில் தட்டுப்படும். படத்தைப் பார்த்தால் செம்பி 3க்கும் 4க்கும் நடுவில் இருப்பதாகத் தோன்றுகிறது. முன்னங்காலுக்குப் பின்னால் மார்புச் சுற்றளவையும், தோள் முனையிலிருந்து பிட்டத்தின் முனைவரை நீளத்தையும் சென்டிமீட்டரில் அளந்து அனுப்பு.

தம்பி: சுற்றளவு 172. நீளம் 160. வாலடியில் எலும்பு கைக்குத் தட்டுப்படுகிறது.

நான்: சுற்றளவைச் சுற்றளவால் பெருக்கி, அதை நீளத்தால் பெருக்கி, 11,880 ஆல் வகுத்தால் கிலோவில் எடை கிடைக்கும். ஏறக்குறைய 398 வருகிறது; 400 என்று வைத்துக்கொள்வோம். இது மதிப்பீடுதான் என்றாலும் மாதத்துக்கு இரண்டு முறை அதே ஆள், அதே இடத்தில் அளந்தால் ஏறுகிறதா இறங்குகிறதா என்பது தெரிந்துவிடும்.

சித்தப்பா: 400 கிலோ குதிரைக்கு எவ்வளவு புல் வேண்டும்?

நான்: இந்தக் கேள்விக்குத்தான் காத்திருந்தேன், சித்தப்பா. நீர் நீக்கிய கணக்கில் உடல் எடையில் நூற்றுக்கு ஒன்றரைப் பங்குக்குக் கீழே எந்தக் குதிரைக்கும் நார்த்தீவனம் குறையக் கூடாது. செம்பிக்கு அது 6 கிலோ. எடை ஏற வேண்டிய குதிரைக்கு 2 முதல் 2.5 பங்கு வரை, அதாவது 8 முதல் 10 கிலோ வரை கண்முன்னே கிடக்க வேண்டும். குதிரையின் இரைப்பையில் அமிலம் இரவும் பகலும் சுரந்துகொண்டே இருக்கிறது. மெல்லும்போது மட்டுமே ஊறுகிற உமிழ்நீர்தான் அதற்கு மாற்று. தொட்டி மணிக்கணக்கில் காலியாக இருந்தால் இரைப்பையில் புண் வரும், புண் வந்த குதிரை தீவனத்தை முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொள்ளும், மேலும் இளைக்கும். ஆகையால் இரவில் புல் இல்லாமல் விடாதீர்கள். பூப்பதற்கு முன் அறுத்த, இலை மிகுந்த, மென்மையான புல்லாகப் பாருங்கள். முற்றிய தண்டில் வயிறுதான் பருக்கும், முதுகில் சதை பிடிக்காது.

சித்தப்பா: மெல்ல முடியாதவள் 10 கிலோ புல்லை எப்படித் தின்பாள்?

நான்: அதனால்தான் ஒரு பகுதியை ஊறவைத்த தீவனமாக மாற்ற வேண்டும் என்கிறேன். காய்ந்த புல்லை அரைத்துச் செய்த வில்லைகள், குதிரை மசால் வில்லைகள், சர்க்கரை எடுத்தபின் மிஞ்சும் சுகர் பீட் கிழங்குச் சக்கை ஆகிய மூன்றும் நார்த்தீவனம்தான். தண்ணீரில் முழுதாக ஊறி மசிந்த பிறகுதான் வைக்க வேண்டும். உலர்ந்தபடியே அவசரமாக விழுங்கினால் உணவுக் குழாயில் அடைத்துக்கொள்ளும். குதிரை மசாலில் புரதமும் கால்சியமும் இருப்பதால் முதுகுச் சதைக்கு நல்லது, இரைப்பை அமிலத்தையும் தணிக்கும். அத்தை, கஞ்சி போல இளகலாகத் தர வேண்டும் என்ற உங்கள் எண்ணம் இதில் நிறைவேறும்.

அத்தை: மேலே ஒரு பிடி தவிடு தூவலாமா?

நான்: வேண்டாம், அத்தை.

அத்தை: வாசனைக்குத்தான் கேட்டேன்.

அண்ணன்: எண்ணெய் ஊற்றினால் சீக்கிரம் சதை பிடிக்கும் என்கிறார்களே?

நான்: நல்ல வழிதான், பல்லைச் சரிசெய்த பிறகு. ஒரே எடைக்குக் கொழுப்பு, மாவுச்சத்தைவிட இரண்டே கால் மடங்கு ஆற்றல் தரும். மாவுச்சத்தைப் போலப் பெருங்குடலைப் புளிக்கச் செய்யாது. ஆனால் திடீரென்று ஊற்றினால் கழிச்சல் வரும். நாளுக்கு 50 மில்லியில் தொடங்கி, இரண்டு மூன்று வாரங்களில் 300 மில்லிவரை ஏற்றி, இரண்டு வேளையாகப் பிரித்துக் கொடுக்க வேண்டும். அந்த 300 மில்லியே அவளுடைய ஒரு நாள் தேவையில் ஆறில் ஒரு பங்கு ஆற்றலைத் தந்துவிடும். எண்ணெய் கூடினால் வைட்டமின் E அளவும் கூட வேண்டும். அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்வோம்.

பெரியப்பா: தானியமே வேண்டாம் என்கிறாயா?

நான்: இப்போது போடுவதைத் திடீரென்று நிறுத்தவும் வேண்டாம், ஏற்றவும் வேண்டாம், பெரியப்பா. ஓட்ஸாக இருந்தால் அவள் எடைக்கு ஒரு வேளைக்கு ஒரு கிலோவைத் தாண்டக் கூடாது. அந்த டப்பாவில் இப்போது எதை அளக்கிறீர்கள், சித்தப்பா?

சித்தப்பா: முன்பு ஓட்ஸ். இப்போது மக்காச்சோளம்.

நான்: மக்காச்சோளம் கனமானது. அதே டப்பாவில் ஓட்ஸைவிட ஏறத்தாழ இருமடங்கு ஆற்றல் அடங்கிவிடும், முழுதாகப் போட்டால் சிறுகுடலில் சரியாகச் செரிக்கவும் செரிக்காது. தராசில் நிறுத்துப் போடுவதே சரி. பத்து நாட்களில் சிறிது சிறிதாகக் குறைத்து, அந்த இடத்தில் ஊறவைத்த தீவனத்தைக் கொண்டுவருவோம்.

சித்தி: அந்த டப்பாவை மட்டும் யாரும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

பெரியப்பா: டப்பா அங்கேயே இருக்கட்டும்.

தம்பி: கால்நடை மருத்துவரிடம் பேசினேன். நாளை மறுநாள் காலை வருகிறார். மயக்க ஊசி போட்டு, வாயைத் திறந்து வைக்கும் கருவி மாட்டித்தான் பல்லைப் பார்ப்பாராம். தலையைத் தாங்கிப் பிடிக்க ஓர் ஆள் வேண்டும் என்றார்.

பெரியப்பா: நான் வருகிறேன்.

சித்தப்பா: உங்களுக்கு முழங்கால் வலி இருக்கிறது, அண்ணா. நான் பிடித்துக்கொள்கிறேன்.

பெரியப்பா: செம்பி என் குரலுக்கு அடங்குவாள்.

அண்ணன்: இருவரும் போங்கள்.

நான்: மருத்துவர் வரும்போது கேட்க வேண்டியதை இப்போதே எழுதி வைக்கிறேன். இரத்தம் எடுத்துச் சுரப்பிச் சோதனை செய்யச் சொல்ல வேண்டும். 15 வயதைக் கடந்த குதிரைகளில் பிட்யூட்டரிச் சுரப்பிக் கோளாறு அடிக்கடி வரும், முதுகுச் சதை கரையும், மயிர் நீண்டு உதிராமல் நிற்கும், தண்ணீர் அதிகம் குடிக்கும். அது இருந்தால் குளம்பு அழற்சி வரும் வாய்ப்பு கூடும் என்பதால் மாவும் இனிப்பும் உள்ள தீவனத்தை இன்னும் குறைக்க வேண்டியிருக்கும். தம்பி, அவள் மயிர் சரியாக உதிர்ந்ததா?

தம்பி: வயிற்றுக்கு அடியிலும் கால்களிலும் நீளமாகவே இருக்கிறது. வயதானதால் என்று நினைத்திருந்தோம்.

நான்: அதை மறக்காமல் மருத்துவரிடம் சொல். புழு மருந்தை அதற்கு முன் யாரும் கொடுத்துவிட வேண்டாம். இன்று போட்ட லத்தியில் சிறிது எடுத்து, காற்றுப் புகாத பையில் கட்டி, குளிர்ச்சியான இடத்தில் வைத்து, ஒரு நாளைக்குள் சோதனைக்குப் போய்ச் சேரும்படி பார்த்துக்கொள். முட்டை எண்ணிக்கை குறைவாக வந்தாலும் குடல் சுவருக்குள் உறங்கும் சிறுபுழுக் குஞ்சுகள் அதில் தெரியாது; எந்த மருந்து, எப்போது என்பதை மருத்துவரே முடிவு செய்யட்டும்.

சித்தி: எத்தனை நாளில் தேறுவாள்?

நான்: நாள் கணக்கில் எதிர்பார்க்காதீர்கள், சித்தி. அந்த அளவுகோலில் ஒரு படி ஏற அவள் 16 முதல் 20 கிலோ வரை கூட வேண்டும். நோய் ஏதும் இல்லாவிட்டால் இரண்டு மூன்று மாதங்கள் ஆகும். மெதுவாக ஏறுகிற எடைதான் நிற்கும்.

பெரியப்பா: சரி. அந்த முத்து விஷயம்?

சித்தப்பா: நாளை மறுநாள் நேரில் பேசுவோம், அண்ணா.

தம்பி: முத்துவைத் தனியே கட்டிவிட்டேன். மாலைக்குக் குதிரை மசால் வில்லை ஊறவைக்க எந்த வாளியை எடுக்கட்டும், நீலமா, பெரிய கறுப்பா?

அத்தை: கறுப்பு ஓட்டை.