பாப்பாவை செட்டராக மாற்றிவிட்டார்கள், விடலாமா?

காவேரிப்பட்டணத்து அப்பா:
வணக்கம். மகள் ஒன்பதாம் வகுப்பு, உயரம் 160 செ.மீ. இரண்டு வருடமாகப் பள்ளி வாலிபால் அணியில் அடித்துக்கொண்டிருந்தவளை இந்த ஜூனில் பி.டி. டீச்சர் செட்டராக, அதாவது அடிக்கிறவர்களுக்குப் பந்தைத் தூக்கிக் கொடுப்பவளாக, மாற்றிவிட்டார். "இனிமே நான் அடிக்கவே மாட்டேனாப்பா?" என்று ஒரே அழுகை. நான் மாங்காய் மண்டியில் கணக்கு எழுதுகிறவன், விளையாட்டைப் பற்றி ஒன்றும் தெரியாது. உயரம் போதாதென்று ஓரங்கட்டுகிறார்களா? செட்டராக இருந்து ஒரு பெண் பிழைக்க முடியுமா?

பாரூர்க்காரன்:
தினமும் காலையில் கம்பியில் தொங்கவிடுங்கண்ணா. ஆறே மாதம், தானாக வளரும்.

அரூர் செட்டர்:
அண்ணா, கம்பியெல்லாம் வேண்டாம். பதினோரு வருடம் செட்டராகவே ஆடினேன். இப்போது ரயில்வேயில் இருக்கிறேன், அந்த வேலையே இந்த விரல்கள் வாங்கிக் கொடுத்ததுதான்.

என்னையும் இப்படித்தான் மாற்றினார்கள். நானும் அழுதேன். அடிக்கிறவளுக்குத்தானே ஊர் விசிலடிக்கும்? பொங்கல் டோர்னமென்ட்டில் மைக்காரர் செட்டரைப் பற்றிச் சொல்வது ஒன்றே ஒன்றுதான்: "டபுள் டச்!" பந்து கையில் இரண்டு முறை பட்டுவிட்டதாம், தப்பாம். ஆனால் எதிரணிப் பந்தை எடுத்துக் கொடுக்கும் முதல் பாஸ் ஒழுங்காக வந்தால் இரண்டாவது பந்து எப்போதும் செட்டருடையது. எதிரே வலையோரம் குதித்துத் தடுக்கிற எந்த பிளாக்கருக்கு மூச்சு வாங்குகிறது, நம் அணியில் யார் போன பந்தை வெளியே அடித்துவிட்டு முகம் செத்து நிற்கிறாள், அவளுக்கே திரும்பக் கொடுப்பதா, இரண்டு பந்து ஆறவிடுவதா? இதையெல்லாம் பந்து கைக்கு வருமுன் முடிவு செய்ய வேண்டும். ஓரங்கட்டுகிற பெண்ணிடம் யாரும் இதைக் கொடுக்க மாட்டார்கள்.

உயரம் பிரச்சினையே இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். பெண்களுக்கு வலை 2.24 மீட்டர். ஒரே செட்டரை வைத்து ஆடும் அணியில் இடம் மாறி மாறி நிற்கும் ஆறு சுழற்சியில் மூன்றில் அவள் முன்வரிசையில் நிற்பாள். அவளுக்கு நேர் எதிரே வருவது பெரும்பாலும் அவர்களுடைய இடப்பக்க அட்டாக்கர். குட்டைக் கைக்கு மேலேதான் அடிப்பாள், எனக்கும் நிறைய அடித்தார்கள். ஆனால் ஜப்பான் செட்டர் யோஷியே தாகேஷிதா 159 செ.மீ.தான், உங்கள் பாப்பாவைவிட ஒன்று குறைவு. 2006 உலகப் போட்டியில் ஜப்பான் ஆறாவது இடம்தான் வந்தது, சிறந்த ஆட்டக்காரர் விருது மட்டும் இவருக்கு. பிரேசில் செட்டர் ஃபோஃபாவ் 2008 ஒலிம்பிக்கில் தங்கம் வாங்கும்போது வயது 38. குதித்துப் பிழைக்கிறவர்களுக்கு முட்டி அதற்குள் கேள்வி கேட்க ஆரம்பித்துவிடும்.

கஷ்டம் அணித் தேர்வில்தான். ஒரு தேர்வில் எனக்குக் கொடுத்தது பத்து நிமிடம். முன்பின் தெரியாத பெண்கள், முதல் பாஸ் ஒவ்வொன்றும் ஒரு திசை. என் பெயர் வரவில்லை. பஸ்ஸில் தொப்பூர் கணவாய் தாண்டும்வரை அம்மாவோடு பேசவில்லை. அடுத்த வருடம் முன்னாடியே போய் ஒவ்வொரு அட்டாக்கரிடமும் "உனக்குப் பந்து எவ்வளவு உயரத்தில் வேண்டும்?" என்று கேட்டு வைத்துக்கொண்டேன். எடுத்துவிட்டார்கள்.

பிழைப்பு: பிரைம் வாலிபால் லீக் ஆண்களுக்குத்தான். நம் பெண்களுக்கு விளையாட்டு ஒதுக்கீட்டில் ரயில்வே, போலீஸ் மாதிரி வேலைதான் வழி, அதற்குச் சான்றிதழ் முக்கியம். தேசியப் பள்ளி விளையாட்டில் ஆடினால் ஃபார்ம் 4, பல்கலைக்கழகங்களுக்கு இடையே ஆடினால் ஃபார்ம் 3, மாநிலத்துக்காக தேசியப் போட்டி ஆடினால் ஃபார்ம் 2. சூட்டோடு சூடாகக் கேட்டு வாங்கிவிடுங்கள், பிறகு அலைய வைப்பார்கள். கணக்கு எழுதுகிறவருக்கு ஃபைல் போட நான் சொல்லித்தர வேண்டியதில்லை. இந்த வேலையை நம்பிப் படிப்பை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

இப்போதைக்கு தினமும் சுவரில் இருநூறு பந்து, விரல் நுனியில், சத்தமே வராமல். களி கிண்டின மணிக்கட்டுதான் எனக்குக் கை கொடுத்தது என்பார் அம்மா. கிண்டச் சொல்லிப் பாருங்கள், பந்துக்கு ஆகாவிட்டாலும் சோற்றுக்கு ஆகும்.

காவேரிப்பட்டணத்து அப்பா:
நன்றிம்மா. படித்துக் காட்டினேன். பந்தின் உயரம் பற்றி அவளிடம் கேட்டால், "ஒருத்திக்குத் தாழ்வா, வேகமா வேணும்ப்பா, இன்னொருத்திக்கு நல்லா மேல தூக்கணும், அது எனக்கு முன்னாடியே தெரியும்" என்கிறாள். நேற்றிலிருந்து சுவரில் அடி. சத்தம் வருகிறது, பக்கத்து வீட்டிலிருந்து ஆளும் வந்துவிட்டார்கள்.