கடலோர ஊரின் மழை வானத்தை வரைந்த அனுபவம் இருந்தால் சொல்லுங்கள்

ஹட்டனிலிருந்து:
ஆகஸ்ட் லீவுக்குத் தென்கரையில இருக்கிற காலி ஊருக்குப் போனப்போ நடந்தது, இன்னும் மனசை அரிச்சுகிட்டே இருக்கு. கோட்டை மதில்ல உக்காந்து வாட்டர் கலர்ல வரைஞ்சுகிட்டிருந்தேன். தென்மேற்குப் பருவமழை எப்படின்னு உங்களுக்கே தெரியும், கொட்டோ கொட்டுன்னு கொட்டிட்டு விட்டுச்சு. கருமேகம் ருமஸ்ஸல குன்றுப் பக்கம் நகர்ந்து நின்னுச்சு. மேற்கே மேகத்துக்கு அடியில சூரியன் வந்துச்சு பாருங்க, 1939ல கட்டின வெளிச்சவீடு அந்தக் கறுப்புக்கு முன்னால இப்பதான் சுண்ணாம்பு அடிச்ச மாதிரி நின்னுச்சு. நான் அதுக்குள்ள தாள் முழுக்கச் சாம்பல் கலரை இழுத்துவிட்டுட்டேன். பின்னேரத்து அசர் தொழுகை முடிச்சு வந்த பெரியவர் ஒருத்தர், குடையை மடக்கிகிட்டே குனிஞ்சு பாத்து, "வெளிச்சம் எங்க தம்பி?"ன்னாரு. கட்டடத்தைக் கேட்டாரா, வெயிலைக் கேட்டாரா? வாயே திறக்காம இருந்துட்டேன்.

பண்டாரவளையிலிருந்து:
தோட்டப் பள்ளிக்கூடத்துல படிக்கிறப்போ திருகோணமலையை வரைஞ்சு பரிசு வாங்கினேன். ஆரஞ்சு சூரியன் கடல்ல இறங்குற படம். முப்பது வயசுலதான் நேர்ல அந்த ஊர்க் கோணேஸ்வரம் கோயிலுக்குப் போனேன். சூரியன் எனக்கு முதுகுப் பக்கம், ஊருக்குப் பின்னால மறையுது! கடல் இருண்டுபோச்சு, ஆனா கடலுக்கு மேல நின்ன இடிமேகத்தோட உச்சி மட்டும் ரோஸ் கலர்ல எரியுது, உள்ளுக்குள்ள மின்னுது. பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக் குடுங்க. கிழக்குக் கரையில சூரியன் கடல்ல மறையாது.

நானுஓயாவிலிருந்து:
பண்டாரவளை அக்கா, அது உதயம்னு வச்சுகிட்டா முடிஞ்சுபோச்சு, சின்னப் பிள்ளை படத்தை ஏன் குறை சொல்றீங்க? ஹட்டன் தம்பிக்குச் சொல்றேன். வெள்ளை வேணும்னா அந்த இடத்துல தண்ணி படவே கூடாது, சுத்தி நனைங்க. தாள் நல்ல தடிப்பா, 300 ஜிஎஸ்எம் எடுங்க. அல்ட்ராமரைன் நீலத்தோட பேர்ன்ட் சியன்னாப் பழுப்பைக் கலந்தா மழைமேகம் தானா வரும், கறுப்பைத் தொடாதீங்க. காஞ்சா ஒரு படி வெளுக்கும், அதனால பயப்படாம அழுத்தமா வைங்க. நம்ம ஊர் ஈரத்துல லேசுல காயாது. அரைகுறையாக் காஞ்சதுல தூரிகையை வச்சா பூக்கோசு மாதிரி கறை பூத்துரும், என் நுவரெலியாப் படம் ஒண்ணு அப்படித்தான் போச்சு. இங்கிலாந்து ஓவியர் ஜான் கான்ஸ்டபிள் 1821லயும் 1822லயும் லண்டன்ல ஹாம்ஸ்டெட் மேட்டுல வெறும் வானத்தையே வரைஞ்சு, பின்பக்கம் நேரமும் காத்தும் குறிச்சு வச்சாரு. பிரைட்டன் கடல்ல மழை இறங்குறதை வரைஞ்சதும் அதே கைதான். நீங்களும் குறிச்சு வைங்க.

ஹப்புத்தளையிலிருந்து:
நான் கடலுக்கே போனதில்ல. விடியக்காலையில எங்க மலை விளிம்புல நின்னா மேகம் காலுக்குக் கீழ கிடக்கும், அதுக்கும் அந்தாண்ட மெல்லிசா ஒரு வெள்ளிக் கோடு தெரியும். அதை வரைஞ்சேன். கொழுந்தெடுக்கப் புறப்பட்ட அம்மா, "கடல் இங்கிட்டு இல்லடா, இன்னும் கீழ"ன்னு படத்துல விரலை வச்சாங்க. ஈரம் காயல. அவங்க ரேகை வானத்துல பதிஞ்சிருச்சு. அதுக்கு மேல நான் கலர் வைக்கல.

ஹட்டனிலிருந்து:
நானுஓயா அண்ணே, தாளைப் பத்தி நான் கேக்கலயே. மறுபடி காலிக்குப் போறேன். அதே அசர் நேரத்துக்கு, அதே மதிலுக்கு.