கதவு நிலைக்குக் கீழே மரத்தூள், ராத்திரியில் கட்டெறும்பு: இது செல்லா (கரையானா)?

அம்பை ஓட்டுவீடு:
அம்பாசமுத்திரம் பக்கம் தாத்தா காலத்து ஓட்டு வீடு. ஐப்பசி மழை பிடித்ததிலிருந்து அடுப்படி நிலைக்குக் கீழே மரத்தூள் குவிகிறது, கூட்டித் தள்ளினாலும் விடிந்தால் மறுபடி கிடக்கிறது. ராத்திரி லைட்டைப் போட்டால் பெரிய கட்டெறும்புகள் சாரையாகப் போகின்றன. செல் பிடித்துவிட்டது, நிலையை மாற்று என்கிறாள் அம்மா. தேக்கு நிலை, கழற்ற மனசு வரவில்லை. மருந்து அடித்தால் போதுமா?

பாளை மரவேலை:
அவசரப்பட்டுக் கழற்றாதீங்க தம்பி. செல் வந்தால் பெரும்பாலும் சுவரில் மண்கோடு ஏறும், மரத்தைத் தின்றுவிடும், இப்படித் தூள் கொட்டாது. கட்டெறும்பு மரத்தைத் தின்பதில்லை, குடியிருக்கத்தான் குடையும், குடைந்த தூளை வெளியே தள்ளும், அதோடு செத்த பூச்சியின் கால் தலையெல்லாம் கிடக்கும். தூள் மாவாக நைசாக இருந்து, மரத்தில் குண்டூசித் துளைகள் தெரிந்தால் அது வண்டு, அதற்கு வைத்தியம் வேறு. காய்ந்த தேக்கு வைரத்தில் (மரத்தின் கெட்டியான நடுப்பகுதி) எறும்பு லேசில் கை வைக்காது, ஊறி இற்றுப்போன இடத்தைத்தான் தேடும். திருப்புளியால் நிலையைக் குத்திப் பாருங்க, மெத்தென்று இறங்குகிற இடத்துக்கு நேர் மேலே ஓடு ஒழுகுதா என்றும் பாருங்க.

அம்பை ஓட்டுவீடு:
கிளறினேன் அண்ணாச்சி, தூளில் ஈசல் றெக்கை கிடக்கிறதே?

வயக்காட்டு அக்கா:
ஈசல் என்பது றெக்கை முளைத்த செல்தான், ஆனாலும் றெக்கையை வைத்து மட்டும் நிலையில் செல் என்று சொல்லிவிட முடியாது தம்பி, மழைக்குக் கிளம்பும் ஈசலைக் கட்டெறும்பு இழுத்துப்போய்த் தின்னும். ஈசலுக்கு நாலு றெக்கையும் ஒரே நீளம், றெக்கை முளைத்த எறும்புக்கு முன்றெக்கை பெரிது, இடுப்பும் ஒடுங்கியிருக்கும்.

மருந்து அடிக்கவே வேண்டாம் என்பேன். சாரையில் போகிறது சாகும், கூட்டுக்குள் இருக்கும் ராணி முட்டையிட்டுக்கொண்டே இருக்கும். கேரம் போர்டுக்குப் போடும் போரிக் பவுடரைக் கருப்பட்டிப் பாகில் நூற்றுக்கு ஒரு பங்குதான் கலக்க வேண்டும், கூடினால் தின்ற எறும்பு வழியிலேயே செத்துவிடும், கூட்டுக்குப் போய் மற்றதுக்கு ஊட்டாது. அவை போகும் தடத்தில் வையுங்க, பிள்ளைகள், நாய், பூனைக்கு எட்டக் கூடாது. மெதுவாகத்தான் கேட்கும், பொறுக்கணும்.

கடையம் தோட்டம்:
வெளியேயும் பாருங்க. நம்ம ஊர்க் கட்டெறும்பு பெரும்பாலும் மரத்தடி மண்ணில்தான் கூடு கட்டும், செடிச்சாறு உறிஞ்சும் அசுவினியும் மாவுப்பூச்சியும் விடுகிற இனிப்புத் தண்ணிக்காக மரமேறும். கொல்லை மாங்கொப்பு ஓட்டில் உரசினால் அதுவே அதுக்குப் பாதை, வெட்டிவிடுங்க. சுவரோரம் விறகு அடுக்கியிருந்தாலும் தள்ளி வையுங்க. ஒழுகுகிற ஓடுகளை முதலில் மாற்றுங்க, நிலை காய்ந்த பிறகு இற்ற பகுதியை மட்டும் செதுக்கி ஒட்டுப்போட முடியுமா என்று ஆசாரியிடம் கேளுங்க.