தானேறு வெப்பம்: லித்தியம் பற்றரிக்கு ஒரு கலைச்சொல்

வணக்கம்.

கிளிநொச்சி, முல்லைத்தீவு ஊர்களுக்காக நாங்கள் சேர்ந்து எழுதும் பற்றரிப் பாதுகாப்புத் துண்டுப்பிரசுரத்தில் ஒரு சொல் மட்டும் இன்னும் இழுபடுகிறது. லித்தியம் பற்றரி ஓர் அளவுக்கு மேல் சூடானால் அந்தச் சூடே அதை மேலும் சூடாக்கி, கடைசியில் புகைந்து எரியவைக்கிறதே, ஆங்கிலத்தில் thermal runaway என்கிறார்களே, அதற்குத் தமிழில் என்ன பெயர்?

வவுனியா அக்கா எழுதிய 'வெப்ப ஓட்டம்' எனக்குச் சரிப்படவில்லை. வெப்பம் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குப் பாய்வது என்றுதான் பத்தாம் தரப் பிள்ளை அதை வாசிக்கும். தம்பி சொன்ன 'வெப்பத் தறிகேடு' நல்ல சொல். கட்டுத்தறியைப் பிடுங்கிக்கொண்டு ஓடும் மாட்டைப் பார்த்த எவருக்கும் விளங்கும். ஆனால் கட்டு விட்டுப்போனதை மட்டுமே அது சொல்கிறது. எங்களுக்கு வேண்டியது, வெப்பம் தன்னைத்தானே வளர்க்கிறது என்ற செய்தி.

பற்றரிக் கலத்தின் உள்ளே நடப்பதைப் பாருங்கள். ஏறக்குறைய 80 முதல் 120 பாகை செல்சியசில், எதிர்மின்வாயின் மேலுள்ள மெல்லிய படலம் சிதையத் தொடங்கும். அந்தத் தாக்கமே வெப்பத்தை வெளிவிடும். 130 பாகை அளவில், இரு மின்வாய்களையும் பிரித்துவைக்கும் பொலித்தீன் தாள் உருகி உள்ளேயே குறுஞ்சுற்றாகும் (ஷோர்ட்டாகும்). இன்னும் ஏறினால், கோபாற்று கலந்த நேர்மின்வாய் ஒட்சிசனை வெளிவிடும். எரியக்கூடிய மின்பகுபொருளும் (கலத்தின் உள்ளிருக்கும் திரவம்) பக்கத்திலேயே இருக்கிறது. இந்த நிலையில் பிளக்கைக் கழற்றினாலும் நிற்காது.

அதனால் 'தானேறு வெப்பம்' என்று முன்மொழிகிறேன். 'வெப்பம் தானேறத் தொடங்கினால்' என்று வினையாகவும் எழுதலாம். ஏற்றம் என்பது ஏற்கெனவே சார்ஜுக்கு இருக்கிறதே, குழம்பாதா என்று கேட்பீர்கள். குழம்பும், ஆகவே 'தானேற்றம்' என்று ஒருபோதும் சுருக்கக் கூடாது, 'வெப்பம்' கூடவே வரவேண்டும்.

பிரசுரத்தில் இந்தச் சொல்லைச் சேமிப்புப் பகுதியிலேயே கொண்டுவருவது நல்லது. வன்னியில் மின்சாரம் இல்லாத நெடுங்காலம் கார் பற்றரியோடு போனது. அந்த ஈய அமிலப் பற்றரியை நிறையச் சார்ஜ் ஏற்றி வைத்தால்தான் கெடாது. அந்தப் பழக்கத்தில் லித்தியத்தையும் நிறைத்தே வைக்கிறார்கள். லித்தியத்துக்கு முறை எதிர்மாறு: மாதக்கணக்கில் எடுக்காமல் வைப்பதென்றால் பாதியளவு சார்ஜ், நிழலான இடம். சித்திரை வெயிலில் கொதிக்கும் தகரக் கூரைக்குக் கீழே முழுச் சார்ஜோடு கிடந்தால் ஆயுள் குறையும். தானேறு வெப்பம் வந்துவிட்டாலோ எரிவதும் கடுமையாக இருக்கும். அடியோடு வற்றவிடுவதும் ஆபத்துத்தான். உள்ளே செப்புக் கரைந்து, திரும்பச் சார்ஜ் ஏற்றும்போது குறுஞ்சுற்றாகலாம்.

முல்லைத்தீவுக் கரையோர வாடிகளுக்கு (மீனவர் தங்கும் கொட்டில்களுக்கு)த் தனியாக எழுதவேண்டும். இரவுத் தொழிலுக்கான ஹெட் லைற்றை நைலோன் வலைக்கும் மண்ணெண்ணெய்க் கானுக்கும் பக்கத்தில் சார்ஜ் போடவே கூடாது. வாசற்பக்கமும் வேண்டாம், தீப்பற்றினால் உள்ளே படுத்திருப்பவருக்கு வெளியேற வழி இராது. படுக்கையிலும் தலையணைக்குக் கீழும் சார்ஜ் போடக்கூடாது என்று தம்பி எழுதியதோடு உடன்படுகிறேன்.

லித்தியத்தில் தண்ணீர் படக்கூடாது என்ற நம்பிக்கையையும் தெளிவாக்குவோம். போனிலும் விளக்கிலும் இருப்பது தனி லித்தியம் உலோகம் அல்ல, லித்தியம் அயன் பற்றரி. மின்னிணைப்பைத் துண்டித்த பிறகு தண்ணீரால் அதைக் குளிரவைக்கலாம், நிறையவே ஊற்றவேண்டும். சுவாலை அணைந்தாலும் மணிக்கணக்கில் கழித்து மீண்டும் பற்றக்கூடும் என்பதால் வெட்டவெளியில் தனியே விடவேண்டும். புகை நச்சு, கிட்டே போய் மூச்செடுக்கக் கூடாது.

எச்சரிக்கை வரியை இப்படி வைக்கலாமா: 'பற்றரி சீறினால், புகைந்தால் வெப்பம் தானேறத் தொடங்கிவிட்டது, முதலில் ஆட்கள் வெளியே.'

'ஊதிய பற்றரி'க்குப் புதுச்சொல் தேடவேண்டாம் என்பது என் எண்ணம். போன் திருத்தும் கடைகளிலும் அப்படித்தான் சொல்கிறார்கள். அதைக் குத்தாமல், சார்ஜ் போடாமல், பாவிப்பதை நிறுத்துங்கள் என்ற வரியை மட்டும் அதன் கீழே சேர்ப்போம்.