கார்த்தேஜ் ஆயருக்கு 'பாப்பா' பட்டமா?

கேள்வி:
மறைக்கல்வி வகுப்புக்காகப் புனித சிப்பிரியானின் கடிதங்களைப் படித்து வருகிறேன். 250-ஆம் ஆண்டு ரோம் குருக்களும் திருத்தொண்டர்களும் (டீக்கன்கள்) அவருக்கு எழுதிய கடிதம் 'பாப்பா சிப்பிரியானுக்கு' என்று தொடங்குகிறது. அவரோ வட ஆப்பிரிக்காவில் கார்த்தேஜின் ஆயர் (பிஷப்). பாப்பா என்றால் போப் அல்லவா? ரோம் ஆயருக்கு மட்டும் உரிய பட்டம் இவருக்கு எப்படி வந்தது? படியெடுத்தவரின் பிழையா?

பதில் – ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர்:
பிழையே இல்லை. பிற்கால வழக்கத்தை மூன்றாம் நூற்றாண்டின் தலையில் கட்டுவதால் வரும் குழப்பம் இது. பாப்பா (நம் வீட்டுக் குழந்தை அல்ல, அப்பா என்று பொருள்) என்பது அன்று மதிப்புக்குரிய எந்த ஆயரையும் மக்கள் அன்போடு அழைத்த பெயர். அலெக்சாந்திரியாவின் ஆயர் தியோனீசியு தம் முன்னோர் ஹெராக்ளாசை அப்படித்தான் குறிப்பிடுகிறார்.

நீங்கள் சொல்லும் கடிதத்தின் நேரத்தையும் பாருங்கள். ரோமைப் பேரரசர் தேசியு கிறித்தவர்களைத் துன்புறுத்திய கலாபனையில் 250 ஜனவரியில் ரோம் ஆயர் ஃபேபியன் இறந்தார். அடுத்த ஆண்டு மார்ச் வரை அந்த இருக்கை காலி. தங்களுக்கு ஆயர் இல்லாத நாளில் ரோம் குருக்களே கார்த்தேஜ்காரரைப் பாப்பா என்கிறார்கள். அதில் அவர்களுக்கு எந்தக் கூச்சமும் இல்லை.

வெளியாருக்கும் இது தெரிந்திருந்தது. 258-இல் மரண தண்டனைக்கு முன் ஆளுநர் கேட்கிறார்: "தெய்வ நிந்தனைக் கூட்டத்துக்குப் பாப்பாவாக இருந்தவன் நீதானா?" சிப்பிரியானின் பதில்: "நான்தான்."

பதில் – பங்குப் பேரவை உறுப்பினர்:
ஐயா, அப்படியானால் ரோமின் முதன்மையே பிற்காலக் கதை என்கிறீர்களா?

பதில் – ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர்:
நான் அப்படிச் சொல்லவில்லையே! பட்டத்தின் வரலாறு வேறு, அதிகாரத்தின் வரலாறு வேறு. ரோமைப் பேதுருவின் இருக்கை என்று எழுதியவரே சிப்பிரியான். பதிதர் (திருச்சபையின் போதனையிலிருந்து விலகியவர்) கொடுத்த திருமுழுக்கு (ஞானஸ்நானம்) செல்லுமா என்ற வழக்கில் ரோம் ஆயர் ஸ்தேவானை எதிர்த்து, 256-இல் கார்த்தேஜில் 87 ஆயர்களைக் கூட்டியவரும் அவரேதான்.

ரோம் ஆயருக்கு இப்பட்டம் வழங்கியதற்குக் கிடைத்துள்ள பழைய சான்று, கலிஸ்துவின் சுரங்கக் கல்லறையில் செவேருஸ் என்னும் திருத்தொண்டர் வெட்டுவித்த கல்வெட்டு. அது ரோம் ஆயர் மர்செல்லீனுவின் காலம்; சிப்பிரியான் இறந்து ஒரு தலைமுறை கழிந்துவிட்டது. பட்டம் ரோமுக்கே உரியது என்ற வாதம் போப் ஏழாம் கிரகோரியின் 1075 பிரகடனத்தில்தான் வெளிப்படையாக வருகிறது.

பதில் – கெய்ரோவில் பணியாற்றுபவர்:
அந்தப் பிரகடனம் இங்கே எடுபடவில்லை. எகிப்தின் காப்டிக் திருச்சபையின் தலைவரை இன்றும் போப் என்றுதான் அழைக்கிறார்கள். அலெக்சாந்திரியாவின் கிரேக்க மரபுவழித் தலைவருக்கும் அதே பட்டம்.